தன்னைப் பார்ப்பதும் தன்னைப் பழிப்பதும்

(செங்கல்பட்டில் செவிலியர் படிப்பு மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பயத்தையும், தன்மீதே கொள்ளும் வெறுப்பையும் எப்படிக் கடப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மனத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நோயை வைத்துப் பேசுவது உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். என் உத்தியோகக் காலம் தொழுநோய்க் களப்பணியில் கழிந்தது. செங்கல்பட்டுக்குக் கிழக்கே திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று வீடு வீடாகப் போய் மனிதர்களின் தோலைப் பார்ப்பதுதான் வேலை. ஆகவே பயம் என்று யாராவது சொன்னால், மரத்துப்போன ஒரு தேமலும், அதை மூடுவதற்காக இழுத்துவிட்ட சட்டைக் கையும்தான் எனக்கு ஞாபகத்துக்கு வரும்.

இந்த ஊரில் இதைப் பேசுவதற்கு ஒரு உரிமையும் இருக்கிறது. இங்கே பக்கத்தில் திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கியது. அன்றைக்கு மருந்து என்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய். அதை ஊசியாகப் போடுவார்கள். வலி கடுமையாக இருக்கும், குணமாகும் என்ற உறுதியும் கிடையாது. அந்த இல்லத்தில் பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1940-களில் டாப்சோன் என்ற மருந்தை இங்கே கொடுத்துப் பார்த்தார். அந்த மருந்து பிறகு உலகெங்கும் போயிற்று. 1955-இல் மத்திய அரசு அந்த இல்லத்தை ஏற்றுக்கொண்டு பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமான நிலையமாக்கியது. தொழுநோய் வைத்தியத்தின் வரலாற்றை யார் எழுதினாலும் செங்கல்பட்டை விட்டுவிட்டு எழுத முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இதைச் சொல்லித்தருவதில்லை. சொல்லித்தர வேண்டும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செவிலியர் மாணவர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் அதைக் கண்டுபிடித்தார். பரம்பரையாக வருவதில்லை. பெரும்பாலான மனிதர்களின் உடம்புக்கு இதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. கிருமி மிக மெதுவாக வளரும். உள்ளே நுழைந்து அறிகுறி காட்டுவதற்குச் சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டுகூட ஆகும். தோலையும் நரம்பையும் அது பிடிக்கிறது. நரம்பு கெட்டுப்போன இடத்தில் வலி தெரியாது, சூடு தெரியாது.

இந்த நோயில் விரல் அழுகி விழுந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படி இல்லை. வலி தெரியாத கை கொதிக்கிற சட்டியை வெறுமனே பிடிக்கும். வலி தெரியாத கால் முள்ளின் மேல் மிதித்துக்கொண்டே சந்தைக்குப் போய்த் திரும்பிவிடும். கடலோரத்தில் வலைக்கயிறு உள்ளங்கையை அறுப்பது இழுப்பவருக்குத் தெரியாது. காயம் புண்ணாகி, புண் எலும்பு வரைக்கும் போய், அதனால் விரல் குறுகுகிறது. கிருமி செய்வது பாதி. கவனிக்காமல் விட்ட காயம் செய்வது மீதி.

சரி, வலி தெரியாத இடத்தை எப்படிக் கவனிப்பது? கண்ணால் பார்க்க வேண்டும். தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, பாதத்தைத் திருப்பி வைத்து, விரல் இடுக்கு விடாமல் பார்க்க வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து, காய்த்துப்போன தோலைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவ வேண்டும். இதைவிட எளிமையான வைத்தியம் கிடையாது. காசு வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். ஆனால் என் அனுபவத்தில், நோயாளிகளைச் செய்யவைக்க மிகவும் சிரமமாக இருந்தது இதுதான். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவார்கள். காலைப் பார்க்க மாட்டார்கள்.

ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சோம்பல் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவருக்கு என்ன சோம்பல்? அந்தக் காலைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்குள் ஒரு குரல் பேசும். நீ என்ன பாவம் செய்தாயோ, உனக்கு இது வந்தது என்று அது சொல்லும். அந்தக் குரலைக் கேட்கச் சகிக்காமல்தான் அவர் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். பார்வையைத் திருப்பத் திருப்பப் புண் வளர்கிறது. புண் வளர்ந்ததைக் கண்டதும் அந்தக் குரல் இன்னும் ஓங்கிப் பேசுகிறது.

நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். தன்னைப் பழிப்பதும் தன்னைப் பார்ப்பதும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தன்னைத்தானே திட்டிக்கொள்பவரை நேர்மையானவர், மனசாட்சி உள்ளவர் என்றுகூடப் பாராட்டுகிறோம். நான் கண்டவரை இரண்டும் எதிரெதிரானவை. பழித்துக்கொள்கிறவர் பார்ப்பதில்லை. தண்டனையைத் தானே முன்கூட்டி விதித்துக்கொண்டவருக்கு, நடந்தது என்ன என்று விசாரிக்க வேண்டிய அவசியம் இருப்பதில்லை.

அந்தக் குரல் அவருக்குள் எப்படி வந்தது? அது அவர் பெற்றெடுத்த குரல் இல்லை. கேட்டுக் கேட்டு உள்ளே போனது. 1954-இல் வெளியான ரத்தக்கண்ணீர் படத்தை இங்கே பார்க்காதவர் குறைவு. எம்.ஆர். ராதாவின் நடிப்புக்கு இணை சொல்ல முடியாது, நானும் அவருடைய ரசிகன். ஆனால் அந்தக் கதை என்ன சொல்கிறது? மனைவியை உதறிவிட்டுத் தாசி வீட்டுக்குப் போனவனுக்குத் தொழுநோய் வருகிறது. ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த கூலியாக நோய் காட்டப்படுகிறது. படம் பார்த்துத் திரும்பிய எத்தனை ஆயிரம் பேர், தெருவில் ஒரு நோயாளியைக் கண்டதும் அவர் நடத்தையைச் சந்தேகித்திருப்பார்கள்! அந்த நோயாளியே தன்னைச் சந்தேகித்திருப்பார். ஒரு தவறும் செய்யாத பெண்கள், ‘நான் எந்தத் தப்பும் பண்ணலையே சார், எனக்கு எப்படி வந்துச்சு?’ என்று என்னிடம் அழுதிருக்கிறார்கள். தும்மல், இருமல் வழியாக மூச்சுக்காற்றில் பரவுகிற ஒரு கிருமிக்கு ஒழுக்கம் பார்க்கத் தெரியாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டமும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. 1898-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க அனுமதித்தது. அதை ரத்து செய்ய 2016 வரை ஆயிற்று. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த பிரிவுகள் 2019-இல்தான் நீங்கின. நாட்டின் சட்டப் புத்தகமே ஒருவரைப் பார்த்து நீ விலக்கத்தக்கவன் என்று சொல்லும்போது, அவர் தன்னைப் பற்றி வேறு என்ன நினைக்க முடியும்?

ஆகவே நேர்மையாகத் தன்னைப் பார்க்க உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘நான் செய்த தவறு என்ன’ என்பது அல்ல. ‘என்னைப் பழிக்கும் இந்தக் குரல் யாருடையது’ என்பதே. இந்தக் கேள்வியும் செங்கல்பட்டுக்குப் புதிதில்லை. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு இதே ஊரில் கூடியது. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றார்கள். பிறப்பால் நீ தாழ்ந்தவன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டதை, சொல்லப்பட்டவர்களே நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கையைத் தனக்குள் தேடிப் பிடித்து வெளியேற்றாமல் விடுதலை இல்லை. சுயமரியாதை இயக்கத்தின் அடிப்படை அதுதான். திருமணியில் இல்லம் தொடங்கி ஐந்து ஆண்டுகள்கூட ஆகாத நேரம் அது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு இரண்டும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். கடலோரக் குப்பத்துக்காரர், கை தேர்ந்த படகோட்டி. முதுகில் பெரிய தேமல் இருந்தது. நாங்கள் குப்பத்துக்குள் வருகிறோம் என்று தெரிந்தால் அவர் கரையில் இருக்க மாட்டார். ஒருநாள் வலை பின்னும் இடத்தில் அகப்பட்டுக்கொண்டார். ‘எனக்கு ஒண்ணும் இல்ல சார், வெயில்ல நிக்கிறதால வந்த தேமலு’ என்றார். ‘இருக்கட்டும் அண்ணே, நான் மருந்து கொடுக்க வரல. உங்களுக்கு என்ன பயம்னு மட்டும் சொல்லுங்க’ என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ‘கை மடங்கிப் போயிடும்னு பயமில்ல சார். நான் தொட்ட பொண்ணுன்னு சொல்லி விட்டுடுவாங்க’ என்றார்.

பயத்தை அப்படி வாய்விட்டுச் சொன்ன பிறகு அதற்கு ஒரு உருவம் கிடைத்தது. அதுவரை மலைபோல இருந்தது, இப்போது நாலைந்து கேள்விகளாகப் பிரிந்தது. மகளுக்கு நோய் ஒட்டியிருக்கிறதா? பார்த்தோம், இல்லை. மருந்து சாப்பிட்டால் அவரிடமிருந்து இனிப் பரவுமா? ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பரவாது. ஊருக்குத் தெரியாமல் சாப்பிட முடியுமா? முடியும். சம்பந்தி வீட்டாரிடம் சொல்வதா? அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதை அவரும் அவர் வீட்டம்மாவும் பேசி முடிவெடுத்தார்கள். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. அவர் மருந்தை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

இதில் எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாளை மருத்துவமனைகளில் வேலை பார்க்கப் போகும் பிள்ளைகள் கவனித்துக் கேளுங்கள். காலில் புதிதாகப் புண்ணோடு ஒரு நோயாளி வருகிறார். ‘எத்தனை தடவை சொன்னேன், பாத்துக்கக் கூடாதா?’ என்று கடிந்துகொள்வது நம் வழக்கம். அக்கறையால்தான் சொல்கிறோம். ஆனால் அடுத்த முறை அவர் புண்ணை மறைத்துக்கொண்டு வருவார், அல்லது வரவே மாட்டார். அவருக்குள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் குரலோடு நம் குரலும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். அதே நோயாளியிடம், ‘நேத்து எங்கெல்லாம் போனீங்க? என்ன செருப்புப் போட்டிருந்தீங்க? எதை மிதிச்சிருப்பீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். அவரும் உங்களோடு சேர்ந்து துப்பறியத் தொடங்குவார். செருப்பில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பார். மறுநாள் செருப்பு மாறிவிடும்.

மாமல்லபுரத்துச் சிற்பிகளைப் பார்த்திருப்பீர்கள். உளி வைப்பதற்கு முன்னால் கல்லைச் சுத்தியலால் தட்டி, அதன் ஓசையைக் காது கொடுத்துக் கேட்பார்கள். உள்ளே எங்கே விரிசல் என்று ஓசை சொல்லிவிடும். விரிசல் இருந்தால் சிற்பி கல்லை ஏசுவதில்லை. அந்த இடத்தை விட்டு எங்கே கோடு போடலாம் என்று பார்ப்பார். தன்னைப் பார்ப்பதும் அப்படி ஒரு தட்டிக் கேட்டலாக இருக்க வேண்டும்.

இப்படிக் கேள்வி கேட்டுப் பார்த்ததால் என்ன நடந்தது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட், காக்ரேனைப் பார்க்க 1947-இல் செங்கல்பட்டுக்கு வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையை வைத்து, முடிந்த மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பலமற்றுப் போயிருக்கும் என்று எதிர்பார்த்த அந்தக் கை, அவருக்கு வலிக்கும் அளவுக்கு இறுகப் பிடித்தது. கையில் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன, செயலிழந்தவை சில மட்டுமே என்று அவருக்குப் புரிந்தது. நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. அந்த நோயாளிகளின் கைகளை ஆண்டுக்கணக்கில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ‘போய்விட்ட கை’ என்ற தீர்ப்போடு பார்த்தார்கள். ஒருவர் பிடித்துப் பார்த்தார்.

அதே பிராண்டைப் பயம் பிடித்த இரவும் உண்டு. அதை அவரே எழுதியிருக்கிறார். நெடும் பயணம் முடித்து லண்டனுக்கு வந்தவர், இரவில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கவனித்தார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தொழுநோயாளிகளோடு அத்தனை காலம் பழகியவர். நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. மனைவி மக்களைப் பிரிந்து வாழப்போவதாகவே மனம் ஓடியது. காலையில் மறுபடியும் குத்திப் பார்த்தார். சுரீரென்று வலித்தது. வெகுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருந்தது. அவ்வளவுதான்.

இந்த நோயைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர் அவர். நோய்க்கு மருந்து உண்டு, பயப்பட வேண்டாம் என்று நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொன்னவர். அவருக்கே அந்த இரவு வந்தது. பயம் அறிவில்லாதவர்களுக்கு வருவது என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் செய்த நல்ல காரியம், விடிந்ததும் இரண்டாம் முறை குத்திப் பார்த்ததுதான். நம்மில் பலர் முதல் ஊசியோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு தேர்வில் தோற்றால், ஒரு நேர்முகத்தில் நாக்குக் குழறினால், ‘எனக்கு வராது’ என்று இரவோடு இரவாகத் தீர்ப்பெழுதி, வாழ்நாள் முழுக்க அதைத் திருப்பிப் பார்க்காமல் இருந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டுக்காரர் ஒருவரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். டி.என். ஜகதீசன். ஆங்கில இலக்கியம் கற்றவர், சீனிவாச சாஸ்திரியாரிடம் நெருங்கிப் பழகி அவருடைய கடிதங்களைத் தொகுத்தவர். இளமையிலேயே அவருக்குத் தொழுநோய் கண்டது. படித்த குடும்பம், கௌரவமான வட்டம். மறைத்துவைக்க எல்லாக் காரணமும் அவருக்கு இருந்தது. அவர் தொழுநோய்ப் பணியையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டார். விழுப்புரம் பக்கம் மழவந்தாங்கலில் கஸ்தூர்பா குஷ்ட நிவாரண நிலையத்தை உருவாக்கினார். காந்தி இந்த நோய் தொடர்பாக அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். தன் வரலாற்றை ஆங்கிலத்தில், தொழுநோயின் வழியே நிறைவு என்று பொருள்படும் தலைப்பில், தன் பெயரிலேயே எழுதி வெளியிட்டார். தலைப்பிலேயே நோயின் பெயரை வைத்த துணிச்சலை நினைத்துப் பாருங்கள். எனக்கு இது வந்தது, வந்த பிறகும் நான் வாழ்ந்தேன் என்று பெயர் போட்டுச் சொல்வதற்கு, அந்தக் காலத்தில் சிறைக்குப் போவதைவிட அதிகத் துணிவு வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது நிலைமை என்ன? 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் என்ற மருந்துகள் சேர்ந்த அட்டை அது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். நோய் முழுமையாகக் குணமாகும். 2005 கடைசியில், தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா எட்டியது. அதைக் கேட்டு நோயே ஒழிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஒழியவில்லை. உலகில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். மருந்து தயாராக இருக்கிறது. நேரத்தோடு வந்து காட்டுபவர்கள்தான் குறைவு.

இந்த நோய் நமக்கில்லை என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த அவையில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். சர்க்கரையும் பாத நரம்பைக் கெடுக்கும். அங்கேயும் வலி தெரியாது, புண் தெரியாது, கடைசியில் விரலை எடுக்கும் நிலை வரும். தொழுநோயாளிகளுக்காக வடிவமைத்த எம்.சி.ஆர். எனும் மிருதுவான ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளும் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களிடமும் அதே தயக்கத்தைப் பார்க்கிறேன். இனிப்புச் சாப்பிட்டது டாக்டருக்குத் தெரிந்துவிடும் என்று ரத்தப் பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் மட்டும் பத்தியம் இருப்பார்கள். திட்டுக்குப் பயந்து உண்மையை மறைத்தால், கெட்டுப்போவது நம் பாதம்தான்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் வெளிச்சத்தில் உட்கார்ந்து கையையும் காலையும் பாருங்கள். முதுகை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால், கையோ காலோ மரத்திருந்தால், எப்படி வந்தது, யாரால் வந்தது என்று மனத்துக்குள் வழக்கு நடத்தாதீர்கள். நாளைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு இருக்கிறது என்று தெரிந்தால், ஊரில் சொல்லாமல் அவரிடம் தனியாகச் சொல்லி, துணைக்கு நீங்களும் போங்கள். நாட்டின் எந்த அரசு மருத்துவமனையிலும் இந்த நோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.